மேசைக்குப் பின்னால் சின்ன நாற்காலி

ஒரு நூலகத்தில் மேசை நாற்காலிகள் எல்லாம் சேர்ந்து ஒரு சங்கம் வைத்திருந்தன. எப்போதும் பூட்டியே கிடக்கும் கண்ணாடி பீரோதான் அதன் தலைவர். புதுத் தலைவரைத் தேர்ந்தெடுக்க ஒருநாள் கூட்டம் நடந்தது. போட்டியிட நினைப்பவர் பெரிய மேசைக்குப் பின்னால் நின்று பேசுவது வழக்கம்.

குழந்தைகள் பிரிவின் சின்ன நாற்காலி அங்கே போய் நின்றது. "தலைவர் பதவிக்கு நான் நிக்கிறேன்" என்றது.

"குரல் கேக்குது, ஆளைக் காணோமே" என்றது பீரோ. கூட்டம் சிரித்தது.

"ஆண்டு விழாவுக்கு பலூன் கட்ட ஆள் தேடறப்போ மட்டும் நான் எப்படித் தெரியறேன் தலைவரே?"

"கோபப்படாதேம்மா. உனக்குப் பிள்ளைங்களோட விளையாட வரும். சங்கம் நடத்துறது வேற. இந்த வருஷமும் வரவேற்புப் பாட்டு உனக்குத்தான்."

"விளையாட்டா? ஆடுற காலுக்கு ஆணி அடிச்சு அடிச்சு நிக்கிறேன். இங்க பெரிய நாற்காலிங்க மேல உக்கார்றவங்க எல்லாரும் முதல்ல என் மேல உக்காந்து எழுத்துக்கூட்டிப் படிச்சவங்க. உங்க கதவைத் திறந்து எத்தனை வருஷமாச்சு, சொல்லுங்க."

பீரோவின் கண்ணாடி லேசாக அதிர்ந்தது. "எதுவானாலும் மேசைக்கு மேல தலை தெரியணும். அதுதான் விதி."

சின்ன நாற்காலி தரையில் கிறீச்சிட்டபடி நகர்ந்து, மேசையைச் சுற்றிக்கொண்டு, கூட்டத்துக்கு நேர் முன்னால் வந்து நின்றது.

"இப்போ தெரியுதில்ல? பேரை எழுதுங்க."