காதில் பிளாஸ்திரி

“ரக்பியெல்லாம் ஒரு ஆட்டமாடா மாப்ள? ஆடறவனுக்கு எலும்பு முறியும், பாக்கறவனுக்குப் பந்தே தெரியாது. ஃபுட்பால்னா ஊரே கைதட்டும்,” என்றான் மனோஜ்குமார் நசுருதீனிடம். ஸ்கூட்டரிலிருந்து விழுந்ததாகச் சொல்லிக் காதில் பிளாஸ்திரி ஒட்டியிருந்தான்.

மாவட்ட ரக்பி அணியில் ஓரிடம்தான் மிச்சம். கிடைத்தால் விளையாட்டு ஒதுக்கீட்டில் இன்ஜினியரிங் சீட் உறுதி. ஆனாலும், தான் கோல் அடிக்கப் பந்தைத் தள்ளித் தரும் நண்பனை விட்டுப்போக மனமின்றி, நசுருதீன் ரக்பி அணித் தேர்வுக்குப் போகவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சோமனூரில் ஃபுட்பால் இறுதிப்போட்டி. மனோஜைக் காணோம்.

“ஏனுங்க மாஸ்டர், மனோஜ் வரலீங்களா?” என்று விளையாட்டு ஆசிரியரிடம் கேட்டான் நசுருதீன்.

“அவன் ரக்பி டீமோட மெட்ராஸ் போயிட்டானே கண்ணு! காது கிழிஞ்சும் உடாம ஒரு மாசமாப் பழகுனான். அந்த ஒரு எடமும் அவனுக்குத்தான். உங்கிட்டச் சொல்லலியா?”

நசுருதீன் மைதானத்தில் இறங்கினான். ஊரே கைதட்டியது.