மருந்து முக்காத குச்சி

கோவில்பட்டியில் தீப்பெட்டி ஆபீஸ் நடத்தும் பரமசிவன், வீட்டிலும் முதலாளிதான்.

"டெல்லிக்குப் போயி அப்படி என்னட்டி படிக்கப் போற?"

"சர்வாதிகாரி ஆளுற நாட்டுல சனங்க வெளிய என்ன சொல்லுதாங்க, மனசுல என்ன நெனைக்காங்கன்னு ஆராய்ச்சி செய்யணும்ப்பா" என்றாள் மகள் வனிதா. "நாளைக்குள்ள பதில் எழுதணும். இல்லன்னா எடம் போயிரும்."

"இவ போக வேண்டாங்கிறவங்க கையைத் தூக்குங்க."

அம்மா, அண்ணன், மதினி, சித்தப்பா நால்வரும் தூக்கினார்கள். அப்பாவோடு ஐந்து கை.

"பாத்தியா? ஒருத்தருக்கும் மாத்துக் கருத்து இல்ல."

"அந்த நாடுகள்லயும் நூத்துக்கு நூறுதாம்ப்பா வரும்."

வனிதா எல்லாருக்கும் தலையில் மருந்து உள்ளது ஒன்று, இல்லாதது ஒன்று என இரண்டிரண்டு தீக்குச்சி கொடுத்தாள். "மருந்து முக்குன குச்சின்னா நான் இங்கனயே இருக்கணும். முக்காத குச்சின்னா போகலாம். ஒவ்வொருத்தரா உள்ள போயி ஒண்ணை டப்பாவுல போடுங்க. யாரு போட்டதுன்னு தெரியாது."

"எனக்கென்ன பயமா?" என்று பரமசிவனே முதலில் போனார்.

கடைசியில் டப்பாவைத் தாம்பாளத்தில் கவிழ்த்தாள். முக்காத குச்சிகள் நான்கு விழுந்தன. அண்ணன் முகம் வெளுத்தது. அம்மா தரையைப் பார்த்தாள். அப்பாவின் குச்சி உள்ளேயே ஒட்டிக்கொண்டதோ என்று வனிதா டப்பாவைத் தட்டினாள்.

அதுவும் விழுந்தது. அதன் தலையிலும் மருந்தில்லை.

பரமசிவன் ஐந்தையும் அள்ளிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

"போயிட்டு வாட்டி" என்றார். பிறகு மற்றவர்களைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "சொந்தக்காரங்க யாரும் கேட்டா, நான் வேண்டாம்னுதான் சொன்னேன்னு சொல்லிருங்க."