கடைசி இடத்துப் பேனாட்

"வாற சனிக்கிழமை டிராஃப்டுக்குப் பேனாட் வேண்டாம். ஆளை மாத்துவம்," என்றார் வின்சென்ற்.

ஞாயிற்றுக்கிழமைப் பின்னேரம். ஒஸ்லோவில், ஸ்தொவ்னர் பக்கம் வின்சென்றின் வீடு. குலேந்திரனும் றொபினும் மீன் ரோல்ஸ் கடித்துக்கொண்டிருந்தார்கள். பேனாட்டும் எதிரில்தான் இருந்தார். ஆளை வைத்துக்கொண்டே இப்படிச் சொல்வதை நேர்மை என்று நினைக்கிற மனிதர் வின்சென்ற்.

நோர்வேயில் இருந்துகொண்டு அமெரிக்க பேஸ்பால் எதற்கு என்று கேட்காதீர்கள். றொபினின் ரொறன்ரோ மச்சான் ஒட்டவைத்த வியாதி அது. எட்டுப் பேர் முறை வைத்து, நிஜ ஆட்டக்காரர்களை ஒவ்வொருவராகத் தெரிவு செய்து, ஆளுக்கொரு கற்பனை அணி கட்டுவார்கள். அதுதான் டிராஃப்ட். ஒருவர் எடுத்த ஆளை மற்றவர் எடுக்க முடியாது. கோடை முழுக்க அவர்கள் அங்கே ஆடுவது இங்கே புள்ளியாகும்.

ஆறு வருடமும் பேனாட் கடைசி. ஆறில் நாலு வருடம் வின்சென்ற் முதல்.

"கடைசியா வாறவருக்கு அடுத்த வருசம் ஒவ்வொரு சுற்றிலையும் முதல் முறை. அந்தச் சலுகையும் குடுத்துப் பாத்தாச்சு. போன வருசம் இவர் முதலாவதா ஆரை எடுத்தவர் தெரியுமோ? முழங்கால் ஒப்பரேஷன் செய்து படுத்திருந்தவனை!"

குலேந்திரன் சிரித்தார். பேனாட்டும் சேர்ந்து சிரித்தார்.

"பாவம் அண்ணை, இருந்திட்டுப் போகட்டும்," என்றான் றொபின்.

"பாவம் பாத்தா விளையாட்டு உருப்படாது. என்ர வேலையிடத்தில கோயம்புத்தூர்ப் பெடியன் ஒருத்தர் இருக்கிறார், மகேஷ். கணக்கில புலி. அவர் வரட்டும்."

பேனாட் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தார்.

"சரி. நான் விளையாடேல்லை. சனிக்கிழமை சும்மா வந்து பாத்துக்கொண்டு இருக்கலாமோ?"

"என்னத்துக்கு? மற்றவைக்குக் கவனம் குழம்பும்."

பேனாட் தலையாட்டிவிட்டு எழுந்து போனார். அவருக்கு பஸ் ஓட்டுகிற வேலை. நேரமாகிவிட்டது என்று சொன்னார்.

புதன்கிழமை மகேஷ் மடிக்கணினியோடு வந்தான். பேனாட் இந்த விளையாட்டு நடக்கும் இணையதளத்தில் இருந்த தன்னுடைய லீக் கணக்கை அவனுக்கு மாற்றிக் கொடுத்து, 'வாழ்த்துகள் தம்பி' என்று செய்தியும் அனுப்பியிருந்தார்.

வின்சென்றுக்குப் பாடம் எடுக்க ஆள் கிடைத்துவிட்டது.

"தம்பி, இவனைப் பாருங்கோ. நூறு தரம் மட்டையோட போனா இருவத்திமூண்டு தரம்தான் அடிக்கிறான். உதவாதவன் எண்டு எல்லாரும் விட்டிடுவினம். ஆனா நூறில முப்பத்தெட்டுத் தரம் அவுட்டாகாமல் முதலாம் பேஸில, அதுதான் ஓடிப்போய் நிக்கிற முதல் இடத்தில, நிக்கிறான். எப்பிடி? கெட்ட பந்தை அடிக்காமல் பொறுமையா நிப்பான். நாலு கெட்ட பந்து வந்தா அடிக்காமலே நடந்து போகலாம். எங்கட லீக்கில அதுக்கும் புள்ளி."

"செம சார்!"

"இவன் பந்து எறியிறவன். வெண்டது ஆறே ஆறு ஆட்டம். ஆனா இவன்ர பந்துக்கு அடிக்கேலாமல் திரும்பிப் போனவை இருநூறு பேர். இவன்ர அணியில மற்றவை ஓட்டம் எடுக்காட்டி இவன் என்ன செய்யிறது? வெற்றி தோல்வியை வைச்சு ஆளை அளக்கக்கூடாது தம்பி."

மகேஷ் திரையைப் பார்த்தபடி நெற்றியைச் சுருக்கினான்.

"சார், இந்த ரெண்டு பேருமே பேனாட் சார் லிஸ்ட்ல டாப்ல இருக்காங்களே."

"என்ன லிஸ்ட்?"

"டிராஃப்டுக்கு முன்னாடி யார் யாரை எடுக்கணும்னு அவங்கவங்க போட்டு வெச்சுக்கிறது. பழைய வருஷத்து லிஸ்டெல்லாம்கூட அப்படியே இருக்கு."

வின்சென்றுக்குக் கோபம் உச்சிக்கு ஏறியது. "கள்ளன்! என்ர கொப்பியைப் பாத்து எழுதியிருக்கிறான்."

"தேதி பாருங்க சார். பிப்ரவரி. நீங்க எப்ப போட்டீங்க?"

"...போன கிழமை."

"நீங்க ஜெயிச்ச நாலு வருஷமும் பார்த்துட்டேன். உங்களுக்குப் புள்ளி அள்ளிக் கொடுத்தவங்க எல்லாருமே இவர் லிஸ்ட்ல மேல இருக்காங்க. உங்களுக்கு முன்னாடியே அவருக்கு சான்ஸ் வந்திருக்கு. எடுத்திருக்கலாம். எடுக்கல. வேணும்னே வேற யாரையோ எடுத்திருக்கார்."

வின்சென்ற் முதல் தடவை வென்ற வருடம், தை மாதம்தான் அவர் மனைவி ரஞ்சனி புற்றுநோயில் போனாள். அந்த மாசியில் பேனாட்தான் கையைப் பிடித்து இழுத்துவந்து இந்த விளையாட்டில் சேர்த்தது. ஞாயிற்றுக்கிழமை அந்த மனிதரைப் பார்த்துச் சொன்னதை நினைக்க, தன்மேலேயே அருவருப்பாக இருந்தது.

தொலைபேசியை எடுத்தார்.

"பேனாட், வாற சனி நீ வா. நான் விலகிறன்."

"சனிக்கு வேலை கேட்டு எடுத்திட்டன் மச்சான். வீட்டில சும்மா இருக்க ஏலாது எண்டு."

"அந்த ஆக்களை எனக்கெண்டு விட்டனியோ?"

"அதை விடு."

"சொல்லு பேனாட்."

"ரஞ்சனி போனாப்பிறகு எட்டு மாசம் நீ ஒருத்தரோடையும் கதைக்கேல்லை. டிராஃப்டுக்கு வந்தும் ஆக்களின்ர பேரைச் சொன்னதோட சரி. போன் எடுத்தாலும் தூக்கிறேல்லை. அந்த வருசம் வெண்ட அண்டைக்குத்தான் நீயா எனக்குப் போன் எடுத்தனி."

"எடுத்து... உன்னைப் பேயன் எண்டு நக்கலடிச்சனான்."

"ஓம், அரை மணித்தியாலம். அண்டைக்கு நான் வீட்டை போய் மனுசியிட்டைச் சொன்னனான், வின்சென்ற் சிரிச்சுப்போட்டான் எண்டு."