தேனிலவுக்கு நாலு பேர்

"மூணு நாளைக்கு இவ்வளவு மூட்டையா உம்மா? வேனில நாங்க எங்க இருக்கிற?"

பின்கதவைப் பிடித்துக்கொண்டு ஹுஸ்னியா சத்தம் போட்டாள். நாலு பயணப் பை, ஒரு உரப்பை, போதாததற்குச் சுருட்டிக் கட்டிய பாய் வேறு.

"மலையில குளிரும் மகள்" என்றாள் உம்மா நஜ்முன் நிஸா.

கிண்ணியாவில் அந்த ஒழுங்கையின் அத்தனை வீடும் வாசலுக்கு வந்து சிரித்தது. கல்யாணம் முடிந்து பன்னிரண்டாம் நாள் புதுச்சோடி தேனிலவுக்குப் புறப்படுகிறது. கூடவே பெண்ணின் வாப்பாவும் உம்மாவும்! "முத்தலிப் காக்கா, நீங்களும் புது மாப்பிள்ளையா?" என்று எதிர்வீட்டு றிஸ்வி கேட்டார்.

"அந்தக் காலத்தில கிடைக்கல்ல, இப்ப போறன்" என்றார் முத்தலிப். அவரும் சளைத்தவரில்லை.

சிரித்தவர்களுக்கு விஷயம் தெரியாது. பெற்றவர்களை விடாப்பிடியாகக் கூட்டிக்கொண்டு போகிறவள் ஹுஸ்னியாதான்.

இந்தப் பக்கத்தில் மகளுக்குக் கல்யாணம் என்றால் வீடு கொடுக்க வேண்டும். முத்தலிப்புக்கு மூன்று பெண்கள். கல்யாண வீடுகளுக்குச் சோறு ஆக்கி, அடுப்புப் புகையிலேயே ஆயுளைக் கழித்து, மூத்தவளுக்கு ஒரு வீடும் அடுத்தவளுக்கு ஒரு வீடும் கட்டிவிட்டார். மூன்றாவது வீட்டுக்கு உடம்பு இடம் கொடுக்கவில்லை. தாங்கள் இருந்த வீட்டையே ஹுஸ்னியாவின் பேருக்கு எழுதினார்.

எழுதிக் கொடுத்தால் பெற்றவர்கள் வெளியேறிவிடுவதுதான் வழக்கம். எங்கே போவது என்று வழக்கம் சொல்வதில்லை. மூத்த பெண்கள் இருவரின் வீட்டிலும் பேரப்பிள்ளைகளுக்கே கால் நீட்ட இடமில்லை.

நிக்காஹ்வுக்கு முன்பே ஹுஸ்னியா தீர்த்துச் சொல்லியிருந்தாள். "நீங்க ரெண்டு பேரும் எங்களோடதான் இருக்கணும். நான் இல்லாத நேரம் பார்த்து வெளிக்கிட்டீங்க எண்டா, அந்த ஊட்டுக்குள்ள நான் கால் வைக்க மாட்டன்."

சொன்னாளே தவிர, பயம் போகவில்லை. கடைக்குப் போனாலும் அரக்கப் பரக்க ஓடிவந்து, உம்மா குசினியில் சமைத்துக்கொண்டு இருக்கிறாளா என்று பார்ப்பாள். மலைநாட்டுக்குப் போவோம் என்று புது மாப்பிள்ளை பஸ்லான் ஆசையாகக் கேட்டபோது, "அவங்க வந்தாத்தான் நானும் வருவன்" என்று நின்றாள். பஸ்லான் நல்ல பிள்ளை. பெரிய வேனாகப் பார்த்து வாடகைக்கு எடுத்தான்.

ஒற்றைக்காலில் நின்று மறுப்பார் என்று நினைத்த முத்தலிப் உடனே சம்மதித்தது அவளுக்கே ஆச்சரியம். இடத்தையும் அவரே சொன்னார். "முனீப் ஹாஜியாருக்கு மலையில ஒரு பண்ணை இருக்கு. வெளியூர்ச் சனம் வந்து தங்குற இடம். போன வருஷம் இஞ்ச ஒரு கல்யாணத்தில என்ட சோத்தைத் திண்ட நாள் தொடக்கம், வாங்க வாங்க எண்டு கூப்பிடுறாரு."

கந்தளாய், பொலன்னறுவை தாண்டி, மஹியங்கனையில் மத்தியானச் சாப்பாடு. பதினெட்டு வளைவில் வேன் ஏற ஏற ஹுஸ்னியாவுக்குத் தலை சுற்றியது. உம்மாவின் மடியில் சாய்ந்துகொண்டாள். நஜ்முன் நிஸா அவள் தலையைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

"உம்மா, திரும்பிப் போனதும் முன் அறையைத் துப்புரவாக்கித் தாறன். நீங்க விறாந்தையில படுத்தது போதும்."

"ம்."

"வாப்பா, உங்களுக்கும்தான் சொல்றன்."

பஸ்லானுக்குப் பக்கத்தில் இருந்த முத்தலிப் திரும்பாமலே பேசினார். "விருந்தும் மருந்தும் மூணு நாளைக்குத்தான் மகள்."

"பெத்தவங்க விருந்தாளியா?" ஹுஸ்னியா எழுந்து உட்கார்ந்துவிட்டாள். "இனி இந்தக் கதை வேணாம். கதைக்க மாட்டன் எண்டு சொல்லுங்க."

"சரி. இனிக் கதைக்க மாட்டன்."

குரல் கரகரத்தது. மலைக்குளிர் ஒத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது என்று அவள் நினைத்தாள். ஒருவழியாக வாப்பாவை மடக்கிவிட்டோம் என்ற சந்தோஷத்தில், மறுபடி மடியில் சாய்ந்து நன்றாகத் தூங்கிப்போனாள்.

கண் விழித்தபோது வேன் பண்ணை வாசலில் நின்றது. சுற்றிலும் மிளகுக் கொடிகள், சரிவில் மரக்கறிப் பாத்திகள். பஸ்லான் அதற்குள் கைபேசியை எடுத்துப் படம் பிடிக்க ஆரம்பித்திருந்தான்.

முனீப் ஹாஜியார் ஸலாம் சொல்லி எல்லோரையும் வரவேற்றார். ஒரு சாவியை ஹுஸ்னியாவிடம் கொடுத்தார். "மேல் அறை உங்க ரெண்டு பேருக்கும். ஜன்னலைத் திறந்தா மலைதான்."

"வாப்பாக்கும் உம்மாக்கும் பக்கத்து அறையைத் தாங்க ஹாஜியார்" என்று அவள் சிரித்தாள். "அவங்க என்ட கண்ணுக்கு முன்னால இருக்கணும்."

ஹாஜியாருக்கு ஒன்றும் விளங்கவில்லை. முத்தலிப்பைப் பார்த்தார். முத்தலிப் செருப்பைச் சரிசெய்கிறவர்போலக் குனிந்தவர், நிமிரவே இல்லை. நஜ்முன் நிஸா முக்காட்டின் நுனியை வாயில் அழுத்திக்கொண்டு விம்மினாள்.

"மகளுக்கு இன்னும் சொல்லல்லையா முத்தலிப் நானா?" என்றார் ஹாஜியார் மெதுவாக. பிறகு, பாவம், தன்னால் முடிந்த ஆறுதலாக ஹுஸ்னியாவிடம் சொன்னார்.

"குசினிக்குப் பின்னால அவங்களுக்கு நல்ல அறை இருக்கு மகள். நீங்க ஊருக்குத் திரும்பின பிறகு சமையல் வேலையைத் தொடங்கினாப் போதும் எண்டு நான்தான் சொன்னன்."