கத்தியும் கேமராக் குழாயும்

அறுவை மேசையில் செண்பகவடிவு மயக்கத்தில் கிடந்தாள். கருப்பையில் புற்றுநோய்.

"அண்ணே, உங்களுக்கு வயித்தை ஒரு சாண் கிழிக்கணும். எனக்கு நாலு பொத்தல் போதும்," என்றது கேமராக் குழாய்.

"கணக்கு நல்லா வருதே தம்பி. உள்ளே போயிட்டு வா," என்றது கத்தி.

உள்ளே போன குழாய் திகைத்தது. கருப்பை பெருத்திருந்தது; பொத்தல் வழியாகவோ பிறப்புவழியாகவோ முழுசாக வராது.

"துண்டு துண்டா நறுக்கி எடுத்துடலாம். வயிறு அழகா இருக்கும்," என்றது குழாய்.

"எடுக்கலாமே. நறுக்கறப்போ சிதறுற நோயும் உள்ளே அழகா வளரும்," என்றது கத்தி.

மருத்துவர் குழாயை உருவிவிட்டுக் கத்தியை எடுத்தார்.

வேலை முடிந்ததும் தட்டில் சண்டை.

"கடைசியில என்னைத்தானே கூப்பிட்டாங்க?"

"கருப்பை பெருசுன்னு நான் பார்த்துக் காட்டினதாலதானே?"

கருப்பையை வாங்கிக்கொண்ட ஜாடி சொன்னது: "கட்டி உடையாம எங்கிட்ட வந்துட்டுது. இனி நீங்க நிம்மதியாச் சண்டை போடலாம்."