முதல் கடி

மீன் சந்தைப் பூனைகளுக்கு மொட்டைவாலன்தான் தலைவன். மீன் தலையை அவன் முதலில் கடிக்காமல் யாரும் வாய் வைக்கக் கூடாது. கடிக்க முடியாத தலைவன் சந்தையை விட்டே போய்விட வேண்டும்.

அவன் தங்கை மகன் கரிமூஞ்சிக்கு அந்தப் பதவிமேல் ஒரு கண். ஒருநாள் மீன் தலை ஒன்று வந்து விழுந்ததும் எல்லோர் முன்னாலும் சீறினான்.

"நகருங்க மாமா! இனிமே முதல் கடி எனக்கு."

"என்னைத் தாண்டிக் கடிடா, பார்ப்போம்!"

கிழவன் மீன் தலைமேல் கவிந்து வாயைப் பிளந்தான். நேர் எதிரே நின்ற கரிமூஞ்சிக்கு மட்டும் தெரிந்தது, உள்ளே ஒரு பல்கூட இல்லை. குட்டியிலிருந்து தனக்கு 'மிச்சம்' என்று மாமா தள்ளிவிட்ட தலைகளெல்லாம் ஏன் முழுசாக இருந்தன என்று இப்போதுதான் உறைத்தது.

"மாமா கடிச்சாச்சு, தின்னுங்கடா!" என்று கூட்டத்தைப் பார்த்துக் கத்தினான்.

எல்லாம் பாய்ந்து தின்னும்போது, கொஞ்சம் சதையை மென்று மாமா முன்னால் ஓசைப்படாமல் வைத்தான்.

"முள்ளை எடுத்தியாடா?" என்று உறுமினான் தலைவன்.