நெஞ்சுல வந்து இடிக்கணும்

“செத்துக் கெடக்குதுய்யா. உயிரே இல்ல,” என்று காலால் எத்தினான் சக்கரபாணி.

சவுண்டு சர்வீஸ் கோபி பதறிப்போய்க் குனிந்து காதை வைத்துப் பார்த்தான். “உயிர்லாம் இருக்கு சார். பேஸ் பாக்ஸ வெச்ச எடந்தான் சரியில்ல. அந்த மூலைக்குத் தள்ளினா அதிர்வ தூக்கிக் குடுக்கும்.”

“நாலு செவுத்துக்கும் பஞ்சு அடிக்கச் சொன்ன, அடிச்சேன். கம்பளம் போடச் சொன்ன, போட்டேன். யானை நடந்தா நெஞ்சுல வந்து இடிக்கணும்யா! கொசு நடக்கற மாதிரி கேக்குது. நீயெல்லாம் காதுகுத்துக்கு மைக் செட்டு கட்டத்தான் லாயக்கு.”

வேங்கிக்காலில் வீடு கட்டி, ஹோம் தியேட்டருக்கென்று தனி ரூம் போட்டதிலிருந்து சக்கரபாணிக்கு ஊரில் யாரைக் கண்டாலும் இளக்காரம். வீட்டு மனையே மாமனார் அப்பாசாமி கொடுத்தது. அந்த நினைப்பு மட்டும் மகராசனுக்கு வரவே வராது.

மனைவி தமிழ்செல்வி செருப்பில்லாமல் வாசலில் நின்றாள். “ஏங்க, பௌர்ணமிக் கூட்டம் சேர்றதுக்குள்ள மலைய சுத்திட்டு வந்துடறேன். அப்பாவுக்குக் காலையிலருந்து இழுப்பு ஜாஸ்தியா இருக்கு, பேச்சே வரல. கூப்புட்டா உடனே போயி இன்ஹேலர வாயில வெச்சு அழுத்துங்க. தாமதம் பண்ணிடாதீங்க.”

“கூப்புடறாரா? கைத்தடியால செவுத்த குத்தறதுக்குப் பேரு கூப்புடறதா? அந்த ரூம்ல புது பெயின்ட்டெல்லாம் பேந்துபோச்சு. அடி அண்ணாமலையில மாட்டுக் கொட்டாயிலயே இருந்திருக்கலாம் உங்கப்பன்.”

“உனக்காகத்தான்பா நடக்கறேன்,” என்று பக்கத்து ரூம் பக்கமாய்ச் சொல்லிவிட்டுக் கிளம்பினாள்.

கோபி பாக்ஸை மூலைக்கு நகர்த்தினான். “கடைக்குப் போயி ஒரு சாமான் எடுத்துனு வந்துடறேன் சார். அதுவரைக்கும் போடாதீங்க.”

“என் வீட்ல படம் போட உன் பர்மிஷன் வேணுமா? போய்யா.”

அவன் தலை மறைந்ததும் சக்கரபாணி கதவைச் சாத்தி, சுவரோரம் இருந்த சோபாவில் சாய்ந்து படத்தைப் போட்டான். காட்டு யானைக் கூட்டம் மரங்களை முறித்துக்கொண்டு வந்தது.

தொம்!

நிமிர்ந்து உட்கார்ந்தான். தொம்... தொம்... தொம்... முதுகு வழியாக ஏறி நெஞ்சில் வந்து இடித்தது. அடேங்கப்பா! இதற்குத்தானே இத்தனை நாள் தவம் கிடந்தான்!

கை பரபரத்தது. சகலை சுரேஷ்குமாருக்குப் போன் போட்டான். “கேளு சகல, நல்லா கேளு! நீயும் வெச்சிருக்கியே ஒரு தகர டப்பா!”

“சூப்பரா இருக்கு சகல. மாமாவுக்கு இப்ப எப்படி இருக்கு?”

“அவருக்கென்னா, குத்துக்கல்லாட்டம் இருக்காரு. நீ பேஸ கேளுய்யா.”

பேசி முடித்துப் போனை வைத்தான். யானைகள் இன்னும் வந்துகொண்டுதான் இருந்தன. ஆனால் சத்தம் தளர்ந்துபோயிருந்தது. தொம்... என்று ஒன்று. ரொம்ப நேரம் கழித்து, சன்னமாக இன்னொன்று. அப்புறம் ஒன்றையும் காணோம்.

வால்யூமை முழுசாக ஏற்றிப் பார்த்தான். பழையபடி கொசுதான் நடந்தது. அவனுக்கு ஆத்திரம் தலைக்கேறியது.

கிரிவல நெரிசலில் வண்டியைத் தள்ளிக்கொண்டே வந்த கோபி, வேர்க்க விறுவிறுக்க, கையில் ஒரு ஒயர்ச் சுருளோடு உள்ளே நுழைந்தான்.

“எங்கய்யா போய்த் தொலைஞ்ச? தங்கமா வந்துனு இருந்த பேஸு, கொஞ்ச நேரத்துல அடங்கிப்போச்சு! என்னா வேலய்யா செஞ்சிருக்க நீ?”

கோபி முழித்தான். மூலையில் இருந்த பாக்ஸைப் பார்த்தான். கையிலிருந்த ஒயரைப் பார்த்தான்.

“மூலைக்கு நகத்துனப்புறம் பேஸ் பாக்ஸுக்கு நான் இன்னும் கரண்ட்டே குடுக்கலயே சார்!”